இவருமா கேம் ஆடுவார்?

1989 பிப்ரவரி 14 அன்று ஈரானின் ஆயத்துல்லா கொமெய்னி எழுத்தாளர் சல்மான் ருஷ்டியைக் கொல்லச் சொல்லி ஃபத்வா அறிவித்தார். அதன்பின் ருஷ்டி பல ஆண்டுகள் பிரிட்டிஷ் போலீஸ் காவலில், வீடு மாற்றி வீடு மாற்றி ஒளிந்து வாழ்ந்தார். சொந்தப் பெயரைச் சொல்ல முடியாது. நினைத்த நேரத்துக்கு வெளியே போக முடியாது. அந்த நாட்களை எப்படிக் கழித்திருப்பார் என்று கேட்டால், எழுதியிருப்பார், படித்திருப்பார் என்றுதான் யாரும் சொல்வார்கள். அதெல்லாம் நடந்ததுதான். கூடவே, மகன் ஜாஃபர் பழக்கிவிட்ட தயவில், உட்கார்ந்து சூப்பர் மரியோவும் ஆடினார். மீசைக்கார பிளம்பர் ஒருவன் குழாய்க்குள் குதித்து, காளான் தின்று பெரிதாகி, இளவரசியை மீட்கப் போகும் அதே கேம்தான். வீடியோ கேம் ஆடுகிறாரே என்று அப்போதைய மனைவி கடிந்துகொண்டதையும், தான் மாட்டிக்கொண்டிருந்த உலகத்தை விட மரியோவின் உலகம் சில சமயம் மேலாகப் பட்டதையும் பின்னாளில் அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார்.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம், ஏன் சிரித்தேன் என்று யோசித்தேன். அவர் சதுரங்கம் ஆடினார் என்று எழுதியிருந்தால் சிரித்திருக்க மாட்டேன். குறுக்கெழுத்துப் போட்டார் என்றால் 'பின்னே, எழுத்தாளராயிற்றே' என்று தாண்டிப் போயிருப்பேன். மரியோ என்றதும் மட்டும் ஏதோ பெரிய மனிதர் ஒருவர் குழந்தையின் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தது போல ஒரு காட்சி. அந்தக் காட்சியை என் தலைக்குள் வைத்தது யார்?

வீடியோ கேம் என்றால் நமக்குத் தோன்றுவது ஒரு பையன். பன்னிரண்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள் இருப்பான், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான், சாப்பிடக் கூப்பிட்டால் 'இதோ' என்பான், வர மாட்டான். இந்தப் பையன் நிஜமானவன்தான், மறுக்கவில்லை. ஆனால் வீடியோ கேம் இவனுக்காகத் தொடங்கியதல்ல. 1972-ல் அடாரி நிறுவனம் தன் முதல் பாங் கேம் மெஷினைக் கொண்டுபோய் வைத்தது கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில் இருந்த ஒரு மதுக்கடையில். வேலை முடிந்து வந்த பெரியவர்கள் காசு போட்டு ஆடினார்கள். கொஞ்ச நாளில் மெஷின் நின்றுபோக, என்ன கோளாறு என்று திறந்து பார்த்தால் உள்ளே காசு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

1980-ல் ஜப்பானின் தோரு இவாதானி பேக்-மேனை வடிவமைத்தபோது, பெண்களும் ஜோடிகளும் கேம் கூடங்களுக்குள் வர வேண்டும் என்பதையே நோக்கமாக வைத்துக்கொண்டார். அன்றைக்குக் கூடங்களில் இருந்தவை பெரும்பாலும் வேற்றுக்கிரகத்தாரைச் சுட்டுத் தள்ளும் கேம்கள். அதனால் இவர் சுடுவதை விட்டுவிட்டுத் தின்பதைக் கையில் எடுத்தார். ஆக, கேம் தொழிலின் முதல் பத்து ஆண்டுகளில் வாடிக்கையாளர் என்று மனதில் இருந்தவர்கள் பெரியவர்கள், அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டவர்களும் உண்டு.

பிறகு என்ன ஆயிற்று? 1983-ல் அமெரிக்காவின் வீட்டு கேம் சந்தை தலைகுப்புற விழுந்தது. மட்டமான கேம்கள் குவிந்து, வாங்க ஆளில்லாமல், கடைக்காரர்கள் 'வீடியோ கேம்' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் நிலை. 1985-ல் நின்டெண்டோ அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது இதைச் சமாளிக்க ஒரு தந்திரம் செய்தது. வீடியோ கேம் என்று சொல்லாமல், ஒரு குட்டி ரோபோவையும் சேர்த்துப் பெட்டியில் அடைத்து, பொம்மை போலக் காட்டியது. பொம்மை என்றால் பொம்மைப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே ஏற்கெனவே ஆண் குழந்தைகளுக்கு ஒரு வரிசை, பெண் குழந்தைகளுக்கு ஒரு வரிசை. எந்த வரிசை என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எது என்று சொல்ல வேண்டியதில்லை. 1989-ல் வந்த கையடக்கக் கருவிக்கு வைத்த பெயரிலேயே ஒரு 'பாய்' உட்கார்ந்துகொண்டான்.

நம் தலைக்குள் இருக்கும் பையன் இப்படித்தான் பிறந்தான், கடை அலமாரியில். விளம்பரங்கள் அவனைப் பார்த்துப் பேசின, அவன் வாங்கினான், அவன் வாங்குவதால் அவனுக்கே மேலும் கேம்கள் வந்தன. இப்படியே இருபது வருடம் ஓடியது. இந்தச் சக்கரத்துக்கு வெளியே நின்று ஆடியவர்கள் எல்லாம் 'எதிர்பாராதவர்கள்' ஆகிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த கேம் பாயைத்தான் அடுத்த சில வருடங்களில் எதிர்பாராத கைகள் எல்லாம் பிடித்திருந்தன. 1991-ல் இதயத் துடிப்பு சீராக இல்லை என்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அமெரிக்க அதிபர் மூத்த ஜார்ஜ் புஷ் கேம் பாய் ஆடும் படம் உலகம் முழுக்க வந்தது. 1993-ல் விமானத்தில் உட்கார்ந்து ஹிலாரி கிளின்டன் கேம் பாய் ஆடும் படம் வந்தது. அதே 1993-ல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாண்டர் செரெப்ரோவ் மிர் விண்வெளி நிலையத்துக்கு ஒரு கேம் பாயையும் டெட்ரிஸ் கேசட்டையும் எடுத்துப் போனார். அந்தப் பயணத்தில் அவர் மேலே இருந்தது 196 நாட்கள். அந்தக் கருவி பின்னர் 2011-ல் ஏலத்துக்கு வந்து 1,220 டாலருக்குப் போயிற்று.

ஒரு அதிபர், ஒரு அதிபரின் மனைவி, ஒரு விண்வெளி வீரர், ஒளிந்து வாழும் ஒரு எழுத்தாளர். வெளியிலிருந்து பார்த்தால் இவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஆனால் அந்தந்த நேரத்தில் இவர்கள் இருந்த இடத்தைப் பாருங்கள். மருத்துவமனைக் கட்டில், விமான இருக்கை, ஒரு தகரக் குழாய், ஒரு பூட்டிய வீடு. எங்கேயும் இவர்கள் கையில் எதுவும் இல்லை. அடுத்து நடக்கப்போவதை டாக்டரோ, பைலட்டோ, தரைக் கட்டுப்பாட்டு அறையோ, போலீஸோ முடிவு செய்கிறது. கேமில் மட்டும் பட்டனை அழுத்தினால் ஏதாவது நடக்கும். அழுத்தியது தவறு என்றாலும் உடனே தெரிந்துவிடும், மறுபடி முயலலாம். ஓய்வு வேண்டும் என்றா இவர்கள் ஆடினார்கள்? ஓய்வுதான் தேவைக்கு மேல் இருந்ததே. செய்வதற்குக் கைக்கு அடங்கிய வேலை ஒன்று வேண்டியிருந்தது என்பதுதான் என் கணிப்பு.

டெட்ரிஸ் இந்த வேலைக்கென்றே செய்தது போன்ற கேம். 1984-ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் அகாடமியின் கம்ப்யூட்டர் மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜிட்னோவ் உருவாக்கியது. கதை இல்லை, கதாநாயகன் இல்லை, மொழி கூட வேண்டாம். மேலிருந்து கட்டைகள் விழும், திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும், ஒரு வரிசை நிறைந்தால் மறையும். கண்ணையும், கையையும், அடுத்த கட்டை எப்படிப் பொருந்தும் என்று மனதில் படம் பார்க்கும் திறனையும் ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மனதில் வேறு படம் ஓட இடம் இருக்காது.

இதைச் சும்மா சொல்லவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் உளவியல் ஆய்வாளர் எமிலி ஹோம்ஸும் குழுவினரும் 2009-ல் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டார்கள். தன்னார்வலர்களுக்கு மனதை உலுக்கும் காட்சிகளைக் காட்டி, அரை மணி நேரம் கழித்து ஒரு பிரிவினரை மட்டும் டெட்ரிஸ் ஆடவிட்டார்கள். அடுத்த ஒரு வாரத்தில் அவர்களுக்கு அந்தக் காட்சிகள் தாமாக மனதில் வந்து மோதியது மற்றவர்களை விடக் குறைவாக இருந்தது. 2017-ல் அதே யோசனையை நிஜ நோயாளிகளிடம் சோதித்தார்கள். சாலை விபத்தில் சிக்கி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 71 பேரைச் சேர்த்து, விபத்து நடந்த ஆறு மணி நேரத்துக்குள் ஒரு பாதிப் பேருக்கு டெட்ரிஸ் கொடுத்தார்கள். முதல் வாரத்தில் அவர்களுக்கு வந்த விபத்து நினைவுகள் மற்றவர்களுக்கு வந்ததை விட ஏறக்குறைய 62 சதவீதம் குறைவு. அதற்காக டெட்ரிஸை மாத்திரைச் சீட்டில் எழுதிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. சிறிய ஆய்வு, ஒரு வாரக் கணக்கு. ஆனால் கட்டிலில் படுத்திருக்கும் ஒருவர் கேம் பாயைத் தேடுவது சிறுபிள்ளைத்தனம் என்ற பேச்சை இனியாவது விட்டுவிடலாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் ஆடுகிறார்கள் என்பது இவர்களுக்கே தெரியாது. 'நீங்கள் கேம் ஆடுவீர்களா?' என்று கேட்டால், 'சேச்சே, எனக்கு ஏது நேரம்' என்பார்கள். சொல்லும்போதே போனில் ஒரு மிட்டாய் வெடித்துக்கொண்டிருக்கும். இந்தக் கூட்டத்தின் ஆதி ஆலயம் சாலிடேர் என்ற சீட்டாட்டம். 1990-ல் விண்டோஸ் 3.0 உடன் வந்தது. மைக்ரோசாஃப்ட்டில் பயிற்சிக்கு வந்த வெஸ் செர்ரி எழுதிய புரோகிராம், சீட்டுகளின் படத்தை வரைந்தவர் சூசன் கேர். மவுஸ் என்பதே புதிதாக இருந்த காலம் அது. ஒன்றைப் பிடித்து இழுத்து இன்னொரு இடத்தில் விடுவது எப்படி என்று கோடிக்கணக்கான ஆபீஸ் ஊழியர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. சிவப்பு ஒன்பதைக் கறுப்புப் பத்தின் மேல் வைத்து அவர்களே கற்றுக்கொண்டார்கள்.

கணக்காளர்கள், வங்கி மேலாளர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று ஆடாதவர் இல்லை. நியூயார்க் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் 2006-ல் ஒரு நகராட்சி ஊழியரின் திரையில் சாலிடேரைப் பார்த்துவிட்டு வேலையை விட்டே நீக்கினார். பில் கேட்ஸ் மைன்ஸ்வீப்பர் என்ற இன்னொரு கம்ப்யூட்டர் கேமின் பைத்தியம் முற்றி, தன் கம்ப்யூட்டரிலிருந்து அதை அழித்துவிட்டு, பிறகு இன்னொரு அதிகாரியின் அறைக்குப் போய் ஆடிய கதையும் உண்டு. நிறுவனத்தின் தலைவர் என்றால் இப்படி ஒரு வசதி. சாலிடேரின் முப்பதாவது ஆண்டில், 2020-ல், மாதம் மூன்றரைக் கோடிப் பேர் அதை ஆடுவதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. இந்த மூன்றரைக் கோடியில் எத்தனை பேர் தங்களை கேம் ஆடுபவர் என்று சொல்லிக்கொள்வார்கள்? (இந்தக் கட்டுரையை எழுதும்போது நான் நான்கு முறை ஆடிவிட்டேன். அதை ஆட்டக் கணக்கில் சேர்க்க எனக்கும் மனம் வரவில்லை.)

அமெரிக்க கேம் தொழில் சங்கம் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கெடுப்புகளில் ஆடுபவரின் சராசரி வயது பெரும்பாலும் முப்பதுகளின் நடுவில்தான் வருகிறது, ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். போன் கேம்களையும் சேர்த்துவிட்டார்கள், அதனால்தான் இந்த எண் என்று சிலர் குறை சொல்வதுண்டு. சேர்த்தால் என்ன? பெண்கள் பெரும் எண்ணிக்கையில் ஒரு கேமை ஆடத் தொடங்கியதும் 'அது உண்மையான கேம் இல்லை' என்று விளக்கத்தை மாற்றும் பழக்கம் எனக்கு உவப்பாக இல்லை. 2000-ல் வெளிவந்த தி சிம்ஸுக்கும் இதே கதிதான். வீடு கட்டுவதும் மனிதர்களை வளர்ப்பதும் கேமா என்றார்கள், அது கோடிக்கணக்கில் விற்றுத் தீர்ந்த பிறகும்.

அரசியல்வாதிகள் பக்கம் போனால் கதை நகைச்சுவையாகிவிடுகிறது, ஏனென்றால் அவர்கள் மாட்டிக்கொண்டுதான் நமக்குத் தெரியவருகிறது. 2013-ல் சிரியா மீதான ராணுவ நடவடிக்கை பற்றிய செனட் விசாரணையில் ஜான் மெக்கெய்ன் போனில் போக்கர் ஆடியதை ஒரு புகைப்படக்காரர் பிடித்துவிட்டார். மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீண்ட விசாரணை, அதிலும் நான் தோற்றுவிட்டேன் என்று மெக்கெய்னே ட்விட்டரில் கிண்டலடித்துச் சமாளித்தார். 2016-ல் நார்வே நாடாளுமன்றத்தில் போகிமான் கோ ஆடி மாட்டியவர் பிரதமர் எர்னா சோல்பெர்க். அப்போது பேசிக்கொண்டிருந்தவர் லிபரல் கட்சித் தலைவர் த்ரினே ஸ்கேய் கிராண்டே. அவர் சில வாரங்களுக்கு முன்புதான் பாதுகாப்புத் துறைக் குழுக் கூட்டத்தில் அதே கேமை ஆடி மாட்டியிருந்தார். மூளைக்கு வேலை கொடுக்காத ஏதாவது ஒன்றைக் கை செய்துகொண்டிருந்தால் சிலருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது அவர் சொன்ன சமாதானம். எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது.

இதில் சிரிக்க முடியாத ஒரு சம்பவம் 2012-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்தது. மாநில செனட்டுக்குப் போட்டியிட்ட காலீன் லாக்கோவிச் ஒரு சமூகப் பணியாளர், இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கேமை ஆடுபவர். அந்த கேமில் அவருக்கு சான்டியாகா என்ற ஓர்க் பாத்திரம் இருந்தது. எதிர்க்கட்சி அந்தப் பாத்திரத்தின் படத்தையும் அவருடைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பிரசாரம் செய்தது. நடுவயதுப் பெண், பச்சை நிற அரக்கி வேடம் போட்டுக்கொண்டு ராத்திரியில் கொலை செய்கிறாள், இவளுக்கா ஓட்டு என்ற தொனியில். கணக்கு எங்கோ தப்பிவிட்டது. உலகம் முழுவதுமிருந்து ஆட்டக்காரர்கள் அவருக்கு ஆதரவாகத் திரண்டார்கள், தேர்தலில் அவரே வென்றார். பெரியவர்கள் ஆடுவது கேலிக்குரியது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்ற துணிச்சலில் போட்ட பிரசாரம் அது. ஓட்டுப் போட்டவர்களில் எத்தனையோ பேர் முந்தின இரவு ஏதோ ஒன்றை ஆடிவிட்டு வந்திருப்பார்கள் என்பது யோசித்தவர்களுக்குத் தோன்றவில்லை.

முதியவர்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். செய்தித்தாள்கள் மிக விரும்பும் கதை இது: 'கேம் ஆடும் பாட்டி'. ஜப்பானின் ஹமாகோ மோரி 1930-ல் பிறந்தவர். யூடியூபில் கேம் ஆடிக்காட்டும் உலகின் மிக மூத்தவர் என்று 2020-ல் கின்னஸ் அங்கீகரித்தபோது அவருக்கு வயது 90. அமெரிக்காவின் ஷர்லி கரி 1936-ல் பிறந்தவர். ஸ்கைரிம் என்ற கேமின் உலகத்தில் நடந்தபடியே கதை சொல்லிவந்தார், பார்ப்பவர்களைப் பேரப்பிள்ளைகள் என்று அழைத்தார். அந்த வரிசையின் அடுத்த கேமில் அவரையே ஒரு பாத்திரமாக வைக்கப்போவதாக 2019-ல் அதை உருவாக்கும் நிறுவனம் அறிவித்தது. தைவானில் சென் சான்-யுவான் என்ற முதியவர் பேரன் காட்டிக்கொடுத்த போகிமான் கோவைப் பிடித்துக்கொண்டு, சைக்கிளின் முன்பக்கம் மயில் தோகை போல டஜன்கணக்கில் போன்களைக் கட்டிக்கொண்டு சுற்றினார்.

இந்தக் கதைகளை எழுதும் விதத்தில் ஒரு தவறு இருக்கிறது. பாட்டி 90 வயதில் ஆடுகிறார் என்றால், 90 வயதில் ஆடத் தொடங்கினார் என்று நாம் வாசித்துக்கொள்கிறோம். மோரி தொடங்கியது 1981 வாக்கில், ஐம்பதைத் தொட்ட வயதில். பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்து, இவ்வளவு சுவாரசியமானதை அவர்கள் மட்டும் வைத்துக்கொண்டால் எப்படி என்று தோன்றியதாகச் சொல்லியிருக்கிறார். அதாவது இன்று கேம் உருவாக்கும் பலர் பிறப்பதற்கு முன்பே அவர் ஆடத் தொடங்கிவிட்டார். ஷர்லி கரிக்கு 1990-களிலேயே மகன் மூலம் சிவிலைசேஷன் என்ற கேம் பழக்கமாகிவிட்டது. இவர்கள் இந்தத் துறைக்கு வந்த விருந்தாளிகள் அல்ல. நாம்தான் தாமதமாகப் பார்த்தோம்.

முதியவர்களை வேண்டுமென்றே தேடிப்போன ஒரு நிறுவனமும் உண்டு, அது மறுபடியும் நின்டெண்டோ. 2000-களின் தொடக்கத்தில் அதன் தலைவராக வந்த சதோரு இவாதாவுக்கு ஒரு கவலை: கேம்கள் கடினமாகிக்கொண்டே போகின்றன, கன்ட்ரோலரில் பட்டன்கள் கூடிக்கொண்டே போகின்றன, ஏற்கெனவே ஆடுபவர்களைத் தவிர யாரும் கிட்டே வர முடியவில்லை. அவர் இரண்டு வேலை செய்தார். 2005-ல் தோஹோகு பல்கலைக்கழக மூளை ஆய்வாளர் ரியூதா கவாஷிமாவின் பெயரில் மூளைப் பயிற்சி கேம் ஒன்றை வெளியிட்டார். 2006-ல் வீ என்ற கேம் கருவி வந்தது. அதன் கன்ட்ரோலர் டிவி ரிமோட் மாதிரி இருந்தது, ரிமோட் என்றே பெயரும் வைத்தார்கள். ரிமோட்டைக் கண்டு பயப்படும் வீடு ஏது? பந்தை உருட்டுவது போலக் கையை வீசினால் திரையில் பந்து உருண்டது. முதியோர் இல்லங்களில் பௌலிங் போட்டிகள் நடக்க ஆரம்பித்தன. சக்கர நாற்காலியில் இருப்பவரும், பக்கத்து அறைக்காரரை வெகு நாளாகப் பார்க்காதவரும் மாலையானால் கூடத்தில் கூடினார்கள். பத்துக் கோடிக்கு மேல் விற்ற கருவி அது. 1985-ல் தானே கட்டிய சுவரை இருபது வருடம் கழித்துத் தானே இடித்து லாபம் பார்த்த நிறுவனம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

ஆனாலும் முதியவர்களுக்கு மென்மையான கேம்தான் பிடிக்கும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2017-ல் ஸ்வீடனில் அறுபதைத் தாண்டியவர்களைக் கொண்டு சில்வர் ஸ்னைப்பர்ஸ் என்ற அணி உருவானது. அவர்கள் ஆடியது கவுன்டர்-ஸ்ட்ரைக், துப்பாக்கிச் சண்டை. 2021-ல் ஜப்பானின் அகிதா மாகாணத்தில் மதாகி ஸ்னைப்பர்ஸ் என்ற அணி தொடங்கியது. மதாகி என்பது அந்தப் பகுதி மலைகளின் பாரம்பரிய வேட்டைக்காரர்களின் பெயர். ஜப்பானிலேயே முதியோர் விகிதம் மிக அதிகமான மாகாணம் அது. பேரப்பிள்ளைகளும் மலைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்களின் இலக்கு. 'மூளைக்கு நல்லது' என்று மருந்து போல நீட்டப்படும் கேமை விட, தோற்றால் கோபம் வரும் கேமை ஆட விரும்புவது எழுபது வயதிலும் நியாயமான ஆசைதான்.

அறுவை சிகிச்சை மருத்துவர்கள் பற்றியும் அடிக்கடி எழுதுவார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007-ல் டாக்டர் ஜேம்ஸ் ராசரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் 33 மருத்துவர்கள் பங்கேற்றார்கள். முன்பு வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கேம் ஆடியவர்கள் லேப்ராஸ்கோப்பி என்ற, சிறு துளை வழியே கேமராவை விட்டுத் திரையைப் பார்த்துச் செய்யும் அறுவை சிகிச்சைக்கான பயிற்சியில் 37 சதவீதம் குறைவாகத் தவறு செய்தார்கள், 27 சதவீதம் வேகமாக முடித்தார்கள். திரையைப் பார்த்துக்கொண்டே கையை நுட்பமாக நகர்த்துவதுதான் இரண்டிலும் வேலை, அதனால் பெரிய ஆச்சரியம் இல்லை. கேம் ஆடியதால் கை தேர்ந்ததா, தேர்ந்த கைக்கு கேம் பிடித்ததா என்பதை இந்த எண்கள் சொல்லாது.

பார்வையற்றவர்கள் வீடியோ கேம் ஆடுகிறார்கள் என்பதுதான் பெயரிலேயே முரண்படுவது போலத் தோன்றும். சண்டை கேம்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே பேர், ஒரே கோடு, முன்னும் பின்னும் நகர்வு. ஒவ்வொரு குத்துக்கும் உதைக்கும் தனிச் சத்தம், ஹெட்ஃபோனில் இடப்பக்கம் கேட்கிறதா வலப்பக்கம் கேட்கிறதா என்பதிலிருந்து எதிராளி நிற்கும் இடம் தெரியும். பார்வையற்ற ஆட்டக்காரர்கள் பல ஆண்டுகள், யாருடைய உதவியும் இல்லாமல், இப்படிக் காதால் ஆடிப் பழகினார்கள். உருவாக்கியவர்கள் அவர்களை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நினைத்துப் பார்த்த ஒருவர் இருந்தார். ஜப்பானின் கென்ஜி ஏனோ. திரையில் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாதவர்களும் தன் கேம்களை ஆடுகிறார்கள் என்று அறிந்த பிறகு, படமே இல்லாத, சத்தம் மட்டும் உள்ள கேம் ஒன்றைச் செய்தார். 1997-ல் சேகா நிறுவனத்தின் சாட்டர்ன் என்ற கேம் கருவிக்கு வந்தது. வெளியிடுவதற்கு சேகாவிடம் அவர் வைத்த நிபந்தனை, ஆயிரம் சாட்டர்ன் கருவிகளைப் பார்வையற்றோருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது. அதோடு ஆயிரம் கேம் பிரதிகளைத் தான் தருவதாகச் சொன்னார். பெரிய நிறுவனங்கள் அந்த இடத்துக்கு வர இருபது வருடத்துக்கு மேல் ஆனது. 2020-ல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ்ஸின் இரண்டாம் பாகத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகள் இருந்தன, பார்வையே இல்லாதவரும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஆடலாம். 2023-ன் ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட்டில் பார்வையற்றவர் கார் ஓட்டலாம், எந்த வளைவு வருகிறது, எப்போது பிரேக் பிடிக்க வேண்டும் என்று காதில் சொல்லிக்கொண்டே வரும். நிஜச் சாலையில் ஒருநாளும் கிடைக்காத ஸ்டியரிங் அது.

ஒரே வீட்டில் இருந்தும் தெரியாமல் போவது உண்டு. நார்வேயின் மாட்ஸ் ஸ்டீன் டுஷேன் தசைச் சிதைவு நோயோடு பிறந்தவர். வருடம் போகப் போக உடம்பு ஒவ்வொன்றாகக் கைவிட்டது. கடைசிப் பத்து ஆண்டுகளில் பதினையாயிரம் மணி நேரத்துக்கும் மேல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் கழித்தார். மகன் நட்பு, காதல் எதுவும் அறியாமல் தனியாகப் போய்ச் சேரப்போகிறான் என்று பெற்றோர் உள்ளுக்குள் உருகினார்கள். 2014-ல் 25 வயதில் அவர் இறந்தபோது, மகன் எழுதிவந்த வலைப்பதிவில் அந்தச் செய்தியை அப்பா பதிந்தார். யாராவது படிப்பார்களா என்றுகூடத் தெரியாது. மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின, நிற்கவில்லை. பல நாடுகளிலிருந்து, இபெலின் என்ற பெயரில் மட்டுமே அவரை அறிந்தவர்கள் எழுதினார்கள். தங்கள் குடும்பச் சிக்கலில் யோசனை சொன்னவர், பேச ஆளில்லாத நேரத்தில் பேசியவர், தங்களைச் சிரிக்கவைத்தவர் என்று. கேமில் அவர் சேர்ந்திருந்த குழுவிலிருந்து சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். மகன் என்ன ஆடினான் என்பது பெற்றோருக்குத் தெரிந்தே இருந்தது. யாரோடு ஆடினான் என்பதுதான் தெரிந்திருக்கவில்லை.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2019-ல் ஏற்ற நோய்ப் பட்டியலில் கேம் ஆடும் பழக்கம் கட்டுமீறிப் போவதும் ஒரு நோயாக இடம்பெற்றது, 2022-லிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அந்த வரையறையில் மணிக் கணக்கு கிடையாது. ஆடுவதை நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அது ஆகிவிடுவது, வாழ்க்கை சிதைவது தெரிந்தும் தொடர்வது, இவற்றைத்தான் பார்க்கச் சொல்கிறது. பதினையாயிரம் மணி நேரம் என்ற எண்ணை மட்டும் வைத்து மாட்ஸைப் பற்றி என்ன சொல்லியிருப்போம் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

கடைசியாக இன்னொரு எழுத்தாளர். டெர்ரி பிராட்செட், பிரிட்டிஷ் மிகைபுனைவு நகைச்சுவையின் பெரிய கை. கேம் ஆடுவதில் அவருக்கு இருந்த ஆசையை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. ஆப்லிவியன் என்ற கேமில் ஆட்டக்காரரோடு துணைக்கு நடந்து வரும் வில்யா என்ற பெண் பாத்திரத்தை, ஸ்வீடனைச் சேர்ந்த எம்மா என்ற ஆட்டக்காரர் தன் ஓய்வு நேரத்தில் உருவாக்கி இலவசமாகப் பரப்பியிருந்தார். அது பிராட்செட்டுக்குப் பிடித்துப்போய் அவருக்கு எழுத, இருவரும் கடிதத் தொடர்பில் சேர்ந்தே அந்தப் பாத்திரத்தை வளர்த்தார்கள். வில்யா பேசும் வசனங்களில் சில அவர் எழுதியவை.

2007-ல் பிராட்செட்டுக்கு அல்சைமர் வகை நோய் என்று கண்டறிந்தார்கள். பார்வை சரியாக இருக்கும், பார்த்ததை மூளை சேர்த்துப் புரிந்துகொள்ளச் சிரமப்படும் வகை அது. நோய் கூடக் கூட, கேமுக்குள் இருக்கும் குகைகளிலும் கோட்டைகளிலும் வந்த வழி அவருக்கு மறந்துபோயிற்று. அதற்காக வில்யாவுக்குப் புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆட்டக்காரர் வழி தெரியாமல் திகைத்து நிற்கும்போது கேட்டால் போதும், அவள் முன்னால் நடந்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.